ஊர்ப் பெட்டியைத் திறப்போம்

மலைக்குப் போகிறவர்களுக்குக் கெங்குவார்பட்டி வழியில் வந்து மறையும் ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் தடத்தில், கோடைக்கானல் மலையின் காலடியில் இருக்கிறது அவ்வூர். சீஸன் வந்துவிட்டால் அந்தத் தடத்தில் கார்களுக்கும் பஸ்களுக்கும் ஓய்வே கிடையாது. காட்ரோட்டில் திரும்பி மேலே ஏறுகிறவர்கள் வண்டியை நிறுத்தி எலிவால் அருவியைப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அந்த அருவியின் தண்ணீர்தான் மஞ்சளாறாகக் கீழே இறங்கி வயல்களுக்குப் பாய்கிறது என்பதோ, கீழே தெரியும் பசுமைக்குள் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் பிறந்து வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள் என்பதோ அவர்களில் பெரும்பாலோர் மனத்தில் படுவதில்லை.

வழிப்போக்கர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர்க்காரர்களே தங்கள் ஊரைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் பானிப்பட்டு யுத்தம் மூன்று தடவை நடந்தது என்று வருஷத்தோடு ஒப்பிப்பான். தன் பாட்டனாரின் பாட்டனார் யார், எந்த ஊரிலிருந்து இங்கே வந்தார், என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் விழிப்பான். தகப்பனாரைக் கேட்டால் தாத்தா பெயர் வரும். தாத்தாவின் தகப்பனார் பெயர் சிலருக்கு வரும். அதற்கு அப்பால் "எங்க பெரியவங்க" என்ற ஒரே வார்த்தைதான். கெங்குவார்பட்டிக்கு மட்டும் உள்ள குறையா இது? தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கும் பொதுவான குறை. ஆனால் குறையைத் தீர்ப்பதற்கு ஏதாவது ஓர் ஊர் முதலடி வைக்க வேண்டும் அல்லவா? அந்த ஊர் ஏன் கெங்குவார்பட்டியாக இருக்கக் கூடாது?

இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

இங்கிலாந்தில் இந்த விஷயம் எப்படி நடந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1538-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் மந்திரி தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் பாதிரியார் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் நடந்த கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகியவற்றை ஞாயிறுதோறும் கோயில் காரியஸ்தர் முன்னிலையில் அதில் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் பூட்டி, ஒரு சாவியைப் பாதிரியாரும் மற்றொன்றைக் காரியஸ்தரும் வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் உத்தரவு. ஜனங்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். தலைக்கு ஒரு வரி போடத்தான் ராஜா பெயர் எழுதச் சொல்கிறார் என்று முணுமுணுத்தார்கள். ஆயினும் புத்தகம் நிலைத்தது. காகிதம் நைந்து போகிறது என்று கண்டதும், 1598-ல் தோலேட்டில் பிரதி எடுத்து வைக்கும்படி எலிசபெத் ராணி காலத்தில் ஏற்பாடாயிற்று. 1837-ல் சர்க்காரே பிறப்பு இறப்புப் பதிவை மேற்கொள்ளும் வரையில், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள், அந்தக் கோயில் பெட்டிகள்தாம் அந்நாட்டுக் குடிகளின் ஞாபகமாக இருந்தன.

அந்தப் புத்தகங்களில் இலக்கியம் ஒன்றும் இல்லை. இன்ன தேதியில் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம். இன்னாருடைய குழந்தை அடக்கம். வரிக்கு வரி அவ்வளவுதான். ஆனால் அந்த வறண்ட வரிகள் பேசத் தொடங்கினால் கேட்கிறவர் மனம் கலங்கும். டெர்பிஷயரில் ஈயம் என்ற சிற்றூருக்கு 1665-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. அதோடு பிளேக் நோயும் வந்தது என்பார்கள். வியாதி பக்கத்து ஊர்களுக்குப் பரவிவிடக் கூடாதென்று வில்லியம் மாம்பஸன் என்ற பாதிரியாரின் சொற்கேட்டு, அவ்வூரார் தங்கள் எல்லையைத் தாங்களே மூடிக்கொண்டார்கள். 1666-ஆம் ஆண்டு நோய் ஓய்வதற்குள் சுமார் 260 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் பெயர் அவ்வூர்ப் பதிவில் வரிசையாக இருக்கிறது. ஒரு சிற்றூரின் தியாகத்தை உலகம் இன்றும் பேசுகிறதென்றால், அதற்குக் காரணம் ஒரு பெட்டியும் ஒரு புத்தகமுந்தான்.

இன்னொரு பயனும் உண்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 404 ஊர்களின் பதிவேடுகளை ஒன்றுதிரட்டி, 1541 முதல் 1871 வரை இங்கிலாந்தின் ஜனத்தொகை எப்படி ஏறி இறங்கிற்று என்பதைக் கணக்கிட்டு 1981-ல் நூலாக வெளியிட்டார்கள். எந்த வயதில் கல்யாணம் செய்துகொண்டார்கள், பஞ்ச காலத்தில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பவையெல்லாம் வெளிவந்தன. ஊர்ப் பாதிரியார்கள் ஞாயிற்றுக்கிழமை கிறுக்கி வைத்த வரிகள் ஒரு தேசத்தின் சரித்திரத்தையே எழுதிவிட்டன! சின்ன ஊர் என்று எதையும் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஏட்டுக்குப் பஞ்சமில்லை

"அது வெள்ளைக்காரர் வழக்கம். நமக்கு எழுதி வைக்கும் பழக்கமே கிடையாது" என்று நம்மவர் சொல்வதுண்டு. இது உண்மை அல்ல. தேனி ஜில்லாவிலேயே ஆண்டிபட்டிப் பக்கம், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்று ஒன்றைப் படித்திருக்கிறார்கள். அவன் ராஜாவும் அல்ல, மந்திரியும் அல்ல. மாட்டுக்காகச் சண்டையிட்டு மாண்ட ஓர் ஊர்க்காரன். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே, ஒரு சாமானியனுடைய பெயரையும் ஊரையும் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

அதே ஜில்லாவின் சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள், பத்தாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னரின் வம்சாவளியைச் சொல்லுகின்றன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை விவரிக்கிறது. கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய நெருங்கிய உறவினரையும் சபைக்கு எடுக்கலாகாது என்பது அந்த விதிகளில் ஒன்று. ஆகவே எழுதுவதும் கணக்கு வைப்பதும் நமக்குப் புதிதல்ல. இடையில் விட்டுப்போனது, எழுதியதைப் பாதுகாப்பதும் அதை ஊராரின் கைக்கெட்டும்படி வைப்பதுமே.

கெங்குவார்பட்டி போன்ற ஓர் ஊரின் காகிதங்கள் ஏன் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனியார் வசமாயிற்று. பாளையங்கள் மிகுந்த சீமை அது. பிறகு மதுரைக் கலெக்டரின் ஆட்சி. 1985-ல் திண்டுக்கல் தனி ஜில்லாவாயிற்று. 1996-ல் தேனி ஜில்லா பிறந்தது. எல்லைக்கோடு நகரும்போதெல்லாம் கட்டுகளும் நகர்ந்தன. பழைய கம்பெனி காலத்துக் கடிதங்களும் ரெவினியூ போர்டு நடவடிக்கைகளும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கர்னல் மெக்கன்ஸி ஆள் வைத்து ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகளில் தமிழ்ச் சுவடிகள், சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. 1868-ல் நெல்சன் எழுதிய மதுரைச் சீமை நூலும், 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை ஜில்லா கெஜட்டியரும் பெரிய நூலகங்களில் கிடைக்கும். ஆனால் இவற்றில் எதையும் காண வேண்டுமானால் கெங்குவார்பட்டிக்காரர் பஸ் ஏற வேண்டும். ஊரின் கதை ஊரில் இல்லை!

ஊரில் இருந்த கணக்கின் கதியோ இன்னும் பரிதாபம். கர்ணம் வீட்டில்தான் அடங்கல், சிட்டா, பைமாஷ் கணக்கு எல்லாம் தலைமுறை தலைமுறையாக இருந்தன. எந்தப் புஞ்சையில் எந்த வருஷம் சோளம், எதில் கம்பு, எந்தக் கிணறு எப்போது தோண்டியது என்று எல்லாம் அவற்றில் உண்டு. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் முறையைத் தமிழ்நாடு சர்க்கார் ஒரே உத்தரவில் எடுத்துவிட்டது. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லதே. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்த வீடுகளின் பரணில் கிடந்த பழங்கட்டுகளை யார் எண்ணிப் பார்த்தார்கள்? தாலுகா கச்சேரிக்கு வந்தவை போக, மற்றவை கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் இரையாகும் ஆபத்து ஊருக்கு ஊர் இருந்தது; இன்றும் இருக்கிறது.

நம்முடைய பெட்டி

இங்கிலீஷ்காரர்களின் கோயில் பெட்டியைப் பற்றிப் பேசும்போது, நம் ஊர்ச் சாமிப் பெட்டியை மறக்கலாமா? மதுரை, தேனி வட்டாரங்களில் மாசி மகா சிவராத்திரி வந்தால் எங்கெங்கோ பிழைக்கப் போன பங்காளிகள் எல்லாம் குலதெய்வக் கோயிலில் வந்து கூடுகிறார்கள். பெட்டி வீட்டிலிருந்து சாமிப் பெட்டி புறப்படுகிறது. யார் பெட்டி தூக்குவது, யாருக்கு முதல் திருநீறு, யார் யார் தலைக்கட்டு வரி கொடுத்தார்கள் என்று எல்லாம் முறை தப்பாமல் நடக்கிறது. இந்த முறையே ஒரு வம்சாவளிப் பதிவேடுதான், எழுதாத பதிவேடு. மூத்த கிளை எது, இளைய கிளை எது, எந்தக் கிளை எந்த ஊருக்குப் பெயர்ந்து போயிற்று என்பதை அங்கே வெற்றிலைப் பாக்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கு கிழவர்கள் கடகடவென்று சொல்லுவார்கள். அந்த நால்வரும் போய்விட்டால்?

அதேபோல மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷமானாலும் பந்தலில் ஒரு மேஜை போட்டு, பெயர், ஊர், தொகை என்று எழுதுகிறார்கள். விசேஷம் முடிந்ததும் அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கிறார்கள். எழுதியவர் மனத்தில் இருப்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன், சரித்திரம் அல்ல. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு மொய் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு எந்தெந்த ஊரில் சம்பந்தம், எந்தத் தெருவோடு கொடுக்கல் வாங்கல், தாய்மாமன் சீர் எவ்வளவு, அந்நாளில் ஐந்து ரூபாய்க்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் கண்ணாடி போல் தெரியும். எந்த ஆங்கிலேயப் பாதிரியாரின் புத்தகத்திலும் இவ்வளவு விவரம் கிடையாது!

பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு மற்றொரு பொக்கிஷம். பையன் பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, எந்த வகுப்பில் நின்றான் என்பவை அதில் உண்டு. ஒரு தெருப் பிள்ளைகள் எந்த வருஷத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தார்கள், பெண் குழந்தைகள் எப்போது ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்பதை அந்தப் பழுப்பேறிய தாள்கள் நேர்மையாகச் சொல்லிவிடும்.

பட்டியல் என்றால் பயம்

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் பதிவேடு கோயிலில் இருந்தது. இங்கே சில ஜனங்களுக்குப் பதிவேடு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர் மீது பிரயோகித்தபோது, குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேதமில்லாமல் கைரேகை வாங்கிப் பெயர் எழுதினார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பெயரை எழுதிக் கொடுத்தால் வினை வரும் என்ற அச்சம் இந்த வட்டாரத்துப் பெரியவர்களிடம் இருந்ததென்றால், அதை அறியாமை என்று சொல்வதற்கில்லை, அது அனுபவம்.

ஆதலால் ஊர்ச் சரித்திரம் எழுதப் புறப்படுகிறவர்கள், சர்க்கார் கணக்கெடுப்புக்காரர் போல் நோட்டும் கையுமாக வாசலில் நிற்கக் கூடாது. எதற்காக எழுதுகிறோம், எழுதியது எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லாததை வற்புறுத்திக் கேட்கலாகாது. பழைய பட்டியல் ஜனங்கள் மேல் சுமத்தியது. புதிய பட்டியல் ஜனங்களே எழுதிக்கொள்வதாக இருக்க வேண்டும்.

யாருடைய சரித்திரம்?

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. "ஊர்ச் சரித்திரம் என்று ஆரம்பித்தால் அது சாதிப் பெருமையில் போய் முடியும். ஒவ்வொருவரும் தங்கள் முப்பாட்டனார் குதிரையில் வந்தார் என்பார். கோயிலில் முதல் மரியாதை எங்களுக்கு என்பார். இல்லாத சண்டையை வலிய இழுத்து விடுவானேன்?" என்று விவரமறிந்தவர்களே கேட்கிறார்கள்.

இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மருந்து எழுதாமல் விடுவதல்ல, எல்லாரையும் எழுதுவதே. எழுதாத சரித்திரத்தில் யார் பெயர் நிலைக்கிறது? நிலம் இருந்தவர் பெயர் பட்டாவில் நிற்கிறது. பணம் இருந்தவர் பெயர் கோயில் படிக்கல்லில் நிற்கிறது. கண்மாய்க்கு மண் சுமந்தவர், பறையடித்துச் சேதி சொன்னவர், மடைக்குக் காவல் நின்றவர், துணி வெளுத்தவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, இவர்கள் பெயர் எங்கே நிற்கிறது? ஒன்றும் எழுதாமல் விட்டால் வலியவரின் கதை ஒன்றே மிஞ்சும். சேரித் தெருவிலும் கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டால் குதிரையில் வந்த முப்பாட்டனார்களின் கதை தானே அளவுக்கு வந்துவிடும்.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். நம்மவர் வம்சாவளி என்று சொல்வதெல்லாம் ஆண் வழி. இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார் என்று போகும். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்தும் நழுவிவிடுகிறாள். புகுந்த வீட்டுக் கணக்கிலும் பெயரோடு ஏறுவதில்லை. ஆங்கிலேயர் கல்யாணப் பதிவில் பெண்ணின் பெயரும் உண்டு. நம் பெண்கள் தங்கள் கணக்கை வேறிடத்தில் வைத்தார்கள், ஒப்பாரியில் வைத்தார்கள். பிறந்த ஊர், அண்ணன் தம்பி, வாங்கி வந்த சீர், பட்ட பாடு, இழந்த பிள்ளை என்று எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிமார் ஊரில் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து கேட்பது, பத்துச் செப்பேடு படிப்பதற்குச் சமானம்.

ஊர்ப் பெயருக்குக் கதை கட்டுவதிலும் ஜாக்கிரதை வேண்டும். பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கும் இடம். பிறகு சிற்றூருக்கு ஆயிற்று. தெலுங்கில் மரியாதைப் பன்மைக்கு "வாரு" என்ற விகுதி உண்டு. இவ்வளவும் சரி. ஆனால் இந்த இரண்டையும் ஒட்டவைத்து, "கெங்குவார் என்று ஒரு பிரபு இருந்தார், அவர் கட்டிய ஊர்" என்று காதில் பட்டதை நம்பி எழுதிவிட்டால் அது சரித்திரமாகாது. பழைய கணக்கில், பத்திரத்தில், கல்லில் அந்தப் பெயர் எந்த எழுத்தில், எந்த வருஷத்தில் முதலில் வருகிறது என்று தேடுவதுதான் முறை. ஒரு சான்று கிடைக்கும் வரையில் பொறுத்திருப்பது அவமானமல்ல.

எழுதாவிட்டால் என்ன நஷ்டம்?

"வயிற்றுப்பாட்டுக்கே நேரம் போதவில்லை, இதில் சரித்திரம் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சரித்திரம் தெரியாத ஊர் சொத்தையும் இழக்கும் என்பதே பதில். எந்த சர்வே நம்பர் கண்மாய், எது ஓடை, எது மந்தை, எது மயானம் என்பது சர்க்காரின் அ-பதிவேட்டில் இருக்கிறது; புலப்படத்தில் அளவோடு இருக்கிறது. மந்தையிலும் ஓடையிலும் வேலி முளைத்த பிறகு கச்சேரிக்கு ஓடுவதைவிட, முன்னதாகவே பிரதி வாங்கி ஊர் நூலகத்தில் வைத்திருந்தால் யாரும் துணிந்து வேலி போட மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டியது அதிகாரிகள் கடமை. கேட்க வேண்டியது ஊரார் கடமை.

இன்னொரு நஷ்டம் மனிதர்களைப் பற்றியது. 1860 நவம்பர் 16-ந் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரையில் இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொருவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரையில் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அவர்களைக் கட்டி வேலை வாங்குவதற்காக எழுதிய பட்டியல் அது. இன்று அவர்களுடைய பேரப் பேத்திகள் அதையே கையில் பிடித்துக்கொண்டு பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். கண்டிச் சீமைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களோ இன்னும் அதிகம். 1964-ல் சாஸ்திரி, சிரிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானபோது, நாலு தலைமுறை கழித்துத் தாயகம் திரும்பியவர்களுக்கு ஊர்ப் பெயர் மட்டுமே நினைவிருந்தது.

அப்படி ஒருவர் மந்தையில் வந்து இறங்கி, "எங்கள் பூட்டனார் இந்த ஊர்தான், பங்காளிகள் யாராவது உண்டா?" என்று கேட்டால் ஊர் என்ன பதில் சொல்லும்? கடல் கடந்த அந்நியன் எழுதிய பட்டியலில் அவருடைய பூட்டனார் இருக்கிறார். பெற்ற ஊரின் கணக்கில் இல்லை. இதைவிட வெட்கப்படத்தக்கது ஒன்று உண்டா?

செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், நூலகத்தில் இரண்டு அலமாரி, நாலு தெருவிலிருந்தும் நாலு இளைஞர்கள், நாலு பெண்கள். ஆரம்பிக்க இது போதும். எல்லார் கையிலும் இன்று போன் இருக்கிறது. அதில் காமிராவும் இருக்கிறது. பரணில் கிடக்கும் கிரயப் பத்திரம், கடுதாசி, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகியவற்றைச் சொந்தக்காரர் வீட்டிலேயே படம் பிடித்துக்கொண்டு அசலை அவரிடமே கொடுத்துவிடலாம். அசல் கைமாறினால்தான் சண்டை வரும்.

கிழவர்களிடம் வருஷம் கேட்டால் வராது. நடந்த காரியத்தைக் கொண்டு கேட்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876. பேரியாற்று அணை திறந்து பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது 1895. மோட்டார் போகும் மலைச்சாலை முடிந்தது 1914. மஞ்சளாறு அணை 1967. "அணை கட்டினப்ப எனக்குக் கையில ஒரு புள்ள, வயித்துல ஒண்ணு" என்று ஒரு பாட்டி சொன்னால் அது தேதி போட்டதற்குச் சமம். இருவர் தனித்தனியே சொன்னது ஒத்து வந்தால் எழுதலாம். ஒத்து வராவிட்டால் இரண்டையும் எழுதலாம்.

கேட்க வேண்டிய கேள்விகளுக்கும் குறைவில்லை. மலைச்சாலை வருவதற்கு முன், அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கிய துரைமார்கள் மாட்டு வண்டியில் இந்தப் பக்கமாகத்தான் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் வந்தார்கள். அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் மலையேறினார்கள். வண்டியோட்டியவர்கள் யார்? டோலி சுமந்தவர்கள் எந்த ஊரார்? மோட்டார் வந்ததும் அவர்கள் பிழைப்பு என்னவாயிற்று? கோடைக்கானலின் கதையை எழுதியவர்கள் பங்களாக்களைப் பற்றி எழுதினார்கள். கீழேயிருந்து சுமந்து போன தோள்களைப் பற்றி எழுத வேண்டியது அடிவாரத்து ஊர்கள்.

பக்கத்து வத்தலக்குண்டைப் பாருங்கள். ராஜமய்யரும் பி. எஸ். ராமையாவும் பிறந்த ஊர்; சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர். ராஜமய்யர் 1893-ல் எழுதத் தொடங்கிய "கமலாம்பாள் சரித்திர"த்தில் மதுரை ஜில்லாக் கிராம வாழ்க்கை அப்படியே நிற்கிறது. ஒரு மனிதர் பேனா எடுத்ததால் ஒரு காலம் அழியாமல் நின்றது. நாவல் எழுத எல்லாராலும் முடியாது. தன் தெருவில் இருக்கும் நாற்பது வீட்டின் கதையை நோட்டுப் புத்தகத்தில் எழுத யாரால் முடியாது?

தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் உண்டு. அங்கே கர்ப்பக்கிருகக் கதவு திறப்பதில்லை. அடைத்த கதவுக்கே பூஜை நடக்கிறது. ஜனங்கள் பக்தியோடு கும்பிட்டுவிட்டு நெய் கொடுத்துத் திரும்புகிறார்கள். தெய்வத்திற்கு அடைத்த கதவு அழகு. ஊர்க் கணக்குக்கு அது அழகல்ல. கும்பிட்டுக்கொண்டே இருந்தால் கரையான் தின்றுவிடும். திறந்து படித்தால்தான் நிற்கும்.

வருகிற சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் எப்படியும் ஊருக்கு வரப்போகிறார்கள். பெரியவர்கள் திண்ணையில் உட்காரப் போகிறார்கள். அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கி வைத்துக்கொள்ள என்ன செலவாகிவிடும்? முதல் பக்கத்தில் ஊரின் பெயரை எழுதி, ஊரிலேயே வயதில் மூத்த மனுஷி யாரோ அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, "ஆத்தா, உங்க பொறந்த ஊரு எது?" என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவே வேலை.